ஓடை சிவந்து தெளிந்தால் பூச்சிக்கு என்ன கேடு?

மே 9

ஒரு வாசகர் கேட்டது, அப்படியே போடுகிறேன்:

“சேர்வராயன் மலையில் மண்ணே செம்மண். கோடை மழை ஒரு மணி நேரம் கொட்டினால் ஓடை டீத்தண்ணீர் மாதிரி ஓடும். மறுநாள் மதியத்துக்குள் தெளிந்துவிடும். செம்மடுவு என்று ஊருக்கே பெயர் இருக்கிற மலை இது. காலங்காலமாக இப்படித்தான். இதனால் தண்ணீர்ப் பூச்சிகளுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது? அவை மழையைப் பார்க்காதவையா?”

மே 9, இரவு

மழையைப் பார்த்தவைதான். எனக்கு இடிக்கிற இடம் “தெளிந்துவிடும்” என்கிற சொல். தண்ணீர் தெளிந்தால் மண் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஒரு பங்கு மலை இறங்கியிருக்கும். எங்கள் பக்கத்து ஓடை கடைசியில் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகிறது, அதில் சேர்ந்திருக்கும். மீதி ஓடையின் தரையில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பூச்சி குடியிருப்பதும் அந்த இடுக்கில்தான்.

சின்ன வயதில் அப்பாவோடு நண்டு பிடிக்கப் போவேன். உள்ளங்கை அகலக் கல்லைப் புரட்டினால் அடியில் ஒரே ஓட்டமாக இருக்கும். தட்டையான உடம்பும் மூன்று வாலுமாக ஒன்று கல்லோடு ஒட்டிக்கொண்டே அடுத்த பக்கத்துக்கு நழுவும். அது மேஃபிளை என்ற பறக்கும் பூச்சியின் இளம்பருவம் என்று கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் தெரிந்தது. மணல் துகளைக் கோத்துக் கூடு கட்டி அதற்குள் இருக்கும் புழு ஒன்று, அது காடிஸ் ஈ. கல்லின் மேல் பத்துப் பைசா மாதிரி ஒட்டியிருக்கும் தண்ணீர்க் காசு, அது ஒரு வண்டின் இளம்பருவம்.

இப்போது அதே இடத்தில் கல்லைத் தூக்க விரலை மண்ணுக்குள் விட்டு நெம்ப வேண்டியிருக்கிறது. சேற்றில் பதித்து வைத்த மாதிரி இருக்கிறது கல். பிடுங்கினால் ‘சொத்’தென்று வரும். அடியில் இடுக்கு என்று ஒன்றே இல்லை, கல்லின் அச்சில் ஒரு குழி, குழியில் கலங்கல். ஓடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

தண்ணீர் மேலே கண்ணாடி மாதிரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

மே 10

நம்பிக்கை வராதவர்கள் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மழை நின்றதும் சிவப்பாக ஓடுகிற தண்ணீரை நிரப்பி, நன்றாகக் குலுக்கி, ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பாருங்கள்.

மணல் நீங்கள் கையை எடுப்பதற்குள் இறங்கிவிடும். அதைவிட நுண்ணிய வண்டல், தலைமுடியின் கனத்துக்குக் கொஞ்சம் குறைவான துகள், 10 செ.மீ. இறங்க முக்கால் நிமிடம் போல எடுக்கும். களிமண் துகள், அதாவது 0.002 மில்லிமீட்டர் அளவுள்ளது, அதே 10 செ.மீ. இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம். அதுவும் அசையாத தண்ணீரில். ஓடுகிற தண்ணீரில் அது இறங்குவதே இல்லை, மடுவு தேடிப் போய்த்தான் உட்காரும்.

சிவப்பு நிறம் பெரும்பாலும் இந்தக் களிமண்ணுடையது. கண்ணைப் பறிப்பது அதுதான். ஆனால் ஓடைத்தரையை அடைப்பதில் பெரும்பங்கு அதற்கு முன்னாலேயே, சத்தமில்லாமல் இறங்கிவிட்ட மணலுக்கும் வண்டலுக்கும். ஓடை எவ்வளவு சிவந்தது என்பதை வைத்துக் கேட்டை அளக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மே 13

சேறு என்றும் மண் என்றும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். ஓடை ஆய்வு செய்கிறவர்கள் 2 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதையெல்லாம் நுண்படிவு என்று ஒரே கூடையில் போடுகிறார்கள். ரவை அளவுத் துகளும் உள்ளே வரும். நான் சேறு என்றாலும் மண் என்றாலும் இதைத்தான் சொல்கிறேன்.

அது பூச்சியை எப்படித் தொடுகிறது என்று ஒருவர் கேட்டார். இடம் போவது முதல் கேடு, அதை எழுதிவிட்டேன். இரண்டாவது மூச்சு. மேஃபிளைக்கு செவுள் வயிற்றின் இரு பக்கமும் இலை இலையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் வண்டல் படிந்தால் தண்ணீரிலிருக்கும் ஆக்சிஜனை இழுக்க முடியாது. கைலென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறேன், செவுளை விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். பார்க்கவே மூச்சுத் திணறும்.

மூன்றாவது சாப்பாடு. கல்லின் மேல் வழவழவென்று ஒரு பாசிப் படலம் இருக்கும், நாம் வழுக்கி விழுவோமே அதுதான். அதைச் சுரண்டித் தின்றே பல பூச்சிகள் வளர்கின்றன. அதன் மேல் மண் படிந்தால் பாசிக்கு வெளிச்சம் போகாது, சுரண்டுகிற வாய்க்கும் பாதி மண்தான் கிடைக்கும். சோற்றில் கல் மாதிரி. ஹைட்ரோசைக்கி என்ற காடிஸ் வகை ஒன்று இருக்கிறது, வாயிலிருந்து வரும் நூலால் கல்லிடுக்கில் சின்னதாக வலை கட்டி, வருகிற துணுக்குகளைப் பிடித்துத் தின்னும். வலை மண்ணால் அடைந்தால் அதற்கு வேலையே வலையைச் சுத்தம் செய்வதுதான், தின்ன நேரமிருக்காது. எங்கள் ஓடையில் அந்த வலைகள் இப்போது பாலத்துக்கு மேலே, தண்ணீர் வருகிற பக்கத்தில் மட்டும் இருக்கின்றன. கீழே ஒன்றுகூட இல்லை.

இலையையும் விட்டுவிடக்கூடாது. மரநிழல் மூடிய ஓடைக்குச் சாப்பாடு பெரும்பாலும் மேலிருந்துதான் விழுகிறது. ஊறி மெத்தென்றான இலையைக் கடித்துத் துண்டாக்குகிற பூச்சிகளுண்டு, அவை போடுகிற துணுக்குதான் வலை கட்டுகிறவற்றுக்கு உணவு. இலைக்குவியல் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் இந்தப் பந்தி அப்படியே நின்றுவிடும்.

மே 14

“அப்படியானால் எல்லாமே செத்துவிடுமா?” இல்லை. பலதுக்குக் கொண்டாட்டம். ரத்தப்புழு என்ற சிவப்பு இளம்புழு, சேற்றில் குடைகிற மண்புழு இனங்கள், மணலுக்குள் துளையிட்டு வாழும் எஃபிமெரா என்ற மேஃபிளை, இவை பெருகும். சீனிஸ் என்று ஒரு சின்ன மேஃபிளை உண்டு. அதற்கு ஒரு ஜோடி செவுள் மட்டும் பெரிய தகடாக வளர்ந்து, பின்னாலிருக்கும் செவுள்களை மூடி போட்ட மாதிரி காக்கிறது. சேற்றிலும் சாவகாசமாக இருக்கும். அதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அதனால் மொத்தம் எத்தனை பூச்சி என்று எண்ணினால் ஏமாந்து போவீர்கள். எண்ணிக்கை அப்படியே இருக்கும், ஆட்கள் மாறியிருப்பார்கள். மேஃபிளை, கல் ஈ, காடிஸ் ஈ, இந்த மூன்று வகையும் எத்தனை என்று பார்ப்பதுதான் உலகமெங்கும் வழக்கம். கல் ஈ நமக்கு என்றைக்குமே குறைவு, தென்னிந்தியாவில் காண்பது பெரும்பாலும் நியோபெர்லா பேரினம்தான். ஒன்று கிடைத்தாலே அன்றைக்குத் திருநாள்.

மே 20

மே 9-இல் எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். படிகிற மண்ணை மட்டுமே குற்றம் சொல்லியிருந்தேன். உருண்டு போகிற மண்ணும் இருக்கிறது.

கனடாவில் வான்கூவர் தீவில் கார்னேஷன் கிரீக் என்று ஒரு காட்டோடை. அங்கே வேண்டுமென்றே ரவை அளவு மணலை ஓடையில் விட்டுப் பார்த்தார்கள், 1986-இல் வெளியான ஆய்வு. மணல் தரையில் துள்ளித் துள்ளி உருண்ட இடங்களில் 24 மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் பூச்சிகள் இடத்தை விட்டுப் போய்விட்டன. பிடியை விட்டு, நீரோட்டத்தோடு மிதந்து. மணல் சும்மா படிந்து கிடந்த இடத்தில் அந்தக் குறுகிய காலத்தில் பெரிய மாற்றம் இல்லை.

முதலில் படித்தபோது, நான் சொல்லிவந்ததே தப்போ என்று தோன்றியது. இரண்டு நாள் யோசித்தேன். அவர்கள் பார்த்தது உருளும் மணல் ஒரே நாளில் கொடுக்கிற அடியை, நான் பார்ப்பது வருஷக்கணக்கில் வீடு மூடுவது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். சும்மாவே பூச்சிகள் இரவில் பிடியை விட்டு மிதந்து இடம் மாறும், பகலில் மீன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க. பட்டப்பகலில் கூட்டமாக மிதந்தால்தான் ஏதோ தப்பு.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு மழை. கொசுவலைத் துணியைக் கம்பில் கட்டி ஓடைக்குக் குறுக்கே அரை மணி நேரம் பிடித்தேன். துணி நிறைய மேஃபிளை. நாலு மணிக்கு.

மே 21

காட்டெருமை இறங்கினாலும் ஓடை கலங்குகிறதே என்று கேட்டவருக்கு: கலங்கும். ஒரு இடம், கொஞ்ச நேரம், ஏற்கெனவே ஓடையில் இருந்த மண். புதிதாக ஒரு கூடை மண்ணும் அது கொண்டுவந்து கொட்டுவதில்லை. நண்டு வளை தோண்டுவதும் அப்படித்தான்.

ஜூன் 18

எங்கள் காபித் தோட்டத்துக்கு மேலே, தங்கும் விடுதி கட்ட ஒரு சரிவை வெட்டிச் சமன் செய்திருக்கிறார்கள். வெட்டிய மண் சரிவோரம் குவியலாகக் கிடக்கிறது, மூடவில்லை, தடுக்கவில்லை. போன வருஷம் அங்கே சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகும் அடியில் காபிச் செடியுமாக இருந்தது. மழைத்துளி நேராக மண்ணில் விழாமல் மூன்று அடுக்கு இலையில் தட்டித் தட்டி, கடைசியில் சருகு மெத்தையில் இறங்கும். இப்போது நேராகச் செம்மண்ணில் அறைகிறது. எங்கள் ஓடையைக் கெடுத்தது அந்த வெட்டுதான். ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

ஜூலை 6

இன்று மழையிலேயே ஓடையோடு மேலே நடந்தேன். குடை பிடித்து ஒரு கை, பாட்டில் பிடித்து ஒரு கை. ஐம்பது அடிக்கு ஒரு பாட்டில். எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்த அண்ணன் கூடவே வந்தார்.

விடுதி வெட்டுக்குக் கீழே எடுத்த பாட்டில் சிவப்பு, சந்தேகமில்லை. அங்கிருந்து இறங்கி எங்கள் எல்லைக்கு வரும்போது கொஞ்சம் வெளுத்திருந்தது. நடுவில் ஒரு பெரிய மடுவும், தண்ணீர் பரவிப் போகிற புதர்த் திட்டும் இருக்கின்றன, அங்கே ஒரு பங்கு தங்கிவிடுகிறது. அப்புறம் எங்கள் ஜீப் பாதை ஓடையைக் கடக்கிற இடம். அதற்குக் கீழே எடுத்த பாட்டில் மேலே எடுத்த எதையும்விட அடர்த்தி.

அண்ணன் பாதையைக் கையால் காட்டினார். “கண்ணு, இதுதான் இப்ப ஓடை.” சக்கரத் தடம் இரண்டும் இரண்டு வாய்க்காலாக, தோட்டத்தின் மேல் மூலையிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு நேராக ஓடையில் விழுகின்றன. உரமூட்டை ஏற்ற, காபி இறக்க என்று நாங்கள் வெட்டிய பாதை. வெட்டி பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

ஜூலை 7

ஜூன் 18-இல் எழுதியதை அழிக்கவில்லை. அந்த வெட்டும் மண் விடத்தான் செய்கிறது, மூடித்தான் ஆக வேண்டும். ஆனால் “அதுதான்” என்று எழுதியது தவறு. பாலத்துக்குக் கீழே ஹைட்ரோசைக்கி வலை இல்லை என்று மே மாதமே எழுதியிருக்கிறேன் பாருங்கள். அந்தப் பாலம் எங்கள் ஜீப் பாதைப் பாலம்தான். விடை அப்போதே என் கையில் இருந்தது.

ஜூலை 11

“ஒரு மண்பாதை அவ்வளவா செய்யும்?” செய்யும். காட்டோடைகளுக்கு மண் வருகிற வழிகளில் மரம் வெட்டுவதை எல்லோரும் சொல்வார்கள், பாதையை மறந்துவிடுவார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிளியர்வாட்டர் ஆற்றுப் படுகையில் அளந்து 1984-இல் வெளியிட்டார்கள்: லாரிகள் விடாமல் ஓடுகிற பாதையிலிருந்து, கைவிட்ட பாதையைப் போல 130 மடங்கு மண் வருகிறது. பாதை ஒன்றுதான், வேறுபாடு சக்கரம். சக்கரம் ஏற ஏற மேல் மண் மாவாக அரைபடுகிறது, அடுத்த மழை அதை அள்ளிக்கொண்டு போகிறது. இறுகிய தடத்தில் தண்ணீர் உள்ளே இறங்குவதும் இல்லை.

எங்களுடையது லாரிப் பாதை இல்லை. ஆனால் மழை பெய்து ஈரம் காய்வதற்குள் ஜீப்பை ஏற்றுகிற பழக்கம் எங்களிடம் இருந்தது.

ஆகஸ்ட் 3

செய்தது:

பாதைக்குக் குறுக்கே சாய்வாகச் சின்ன மேடும் பள்ளமுமாக ஏழு இடத்தில் வெட்டினோம். தண்ணீர் பாதையோடு ஓடி ஓடைக்குப் போகாமல், அங்கங்கே பிரிந்து காபிச் செடிக்கடியில் சருகுக்குள் இறங்கட்டும் என்று. செடி வரிசைகளுக்கு நடுவே சரிவுக்குக் குறுக்காக நீளக் குழிகள் பழைய தோட்டக்காரர்கள் எல்லோரும் எடுப்பார்கள், எங்கள் தோட்டத்தில் தூர்ந்து கிடந்தவற்றைத் திரும்பத் தோண்டினோம். ஓடையைக் கடக்கிற இடத்தில் இரு பக்கமும் இருபது அடிக்குக் கல் பாவியாயிற்று. ஓரத்தில் வெட்டிவேர். மழை பெய்தால் இரண்டு நாள் ஜீப் இல்லை, தலைச்சுமைதான். இதில்தான் வீட்டில் சண்டை வந்தது.

ஓடையோரம் கரையிலிருந்து பத்தடிக்குக் களை வெட்டுவதையும் நிறுத்திவிட்டோம். “தோட்டம் கூளமாகக் கிடக்கிறது” என்று பெரியம்மா வருத்தப்பட்டார். கூளம்தான் வேண்டும் பெரியம்மா.

அக்டோபர் 30

வடகிழக்கு மழை தொடங்கிவிட்டது. நேற்று ராத்திரி கொட்டியது. பாட்டில் எடுத்தேன். பாதைக்கு மேலும் கீழும் ஒரே நிறம். கீழே கூடவில்லை. இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் ஜன்னலில் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன்.

நவம்பர் 16

பெரிய வெள்ளம் ஓடைத்தரையைக் கழுவிவிடும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். பாதி சரி. கல்லையே உருட்டுகிற வெள்ளம் வந்தால் கல்லுக்கடியில் இறுகிய மண் கிளம்பும். இயற்கையாகவே அப்படித்தான் ஓடை தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. ஆனால் அதே வெள்ளம் மேலிருந்து புது மண்ணையும் கொண்டுவந்தால், கழுவிய இடத்தை வெள்ளம் வடிகிற நேரத்தில் திரும்ப நிரப்பிவிடும். வரத்தை நிறுத்தினால்தான் கழுவுவது கணக்கில் சேரும். முதல் பதிவுக் கேள்விக்கு இது இன்னொரு பதில் என்று நினைக்கிறேன்: காலங்காலமாக மழை மண்ணைக் கொண்டுவந்தது, கொண்டும் போனது. இப்போது வரத்து அதிகம், போக்கு அதேதான்.

டிசம்பர் 21

மனசு சரியில்லை. பாலத்துக்குக் கீழே நாலு கல்லைப் புரட்டினேன், நாலிலும் ரத்தப்புழு. மேஃபிளை ஒன்றுகூட இல்லை. அக்டோபரில் நல்ல தண்ணீர் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன். மண் திரும்ப வந்துவிட்டதா?

ஜனவரி 4

மண் இல்லை. டிசம்பர் 21-ஐ அவசரப்பட்டு எழுதியிருக்கிறேன்.

காபிப் பழம் பறிக்கிற காலம் இது. மேலே யாரோ பழம் உரித்த தண்ணீரை ஓடையில் விடுகிறார்கள். கல்லை நெம்பாமலே எடுக்க முடிந்தது, இடுக்கு திறந்துதான் இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கல்லின் மேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி வழவழப்பு, புளித்த வாடை. பழத்தோலின் சர்க்கரையும் கொழகொழப்பும் தண்ணீரில் அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. ரத்தப்புழு அதிலும் தாங்கும், நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதனிடமும் இருக்கிறது, சிவப்பு நிறமும் அதனால்தான். மேஃபிளை தாங்காது.

இரண்டு கேட்டுக்கும் முதலில் ஓடிப்போவது ஒரே ஆட்கள். அதனால் மேஃபிளை இல்லை என்றதும் மண் என்று முடிவு கட்டாதீர்கள். கல் பதிந்திருக்கிறதா, வாடை இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

உரித்த தண்ணீரை விடுகிறவர் யாரென்று தெரிந்து பேசியாயிற்று. குழி வெட்டி அதில் விடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 8

வெயில். ஓடை ஒடுங்கி, பாதிக் கல் வெளியே, பாதி தண்ணீரில். இந்த நேரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. பேட்டிஸ் வகை மேஃபிளைகள் சிலவற்றில், பெண் பூச்சி நீட்டிக்கொண்டிருக்கும் கல்லின் வழியே தண்ணீருக்குள் இறங்கி நடந்து, கல்லின் அடிப்பக்கத்தில் முட்டையைப் பரப்பி ஒட்டும். கல் மண்ணில் பதிந்து கிடந்தால் அடிப்பக்கமே இல்லை. சிறகோடு எத்தனை பறந்தாலும் இறங்க இடமில்லை. வளர்ந்த பூச்சிகளைப் பார்த்து “இருக்கிறதே” என்று திருப்திப்படக்கூடாது.

பள்ளி விடுமுறைக்கு வந்த அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, அது முட்டை போட்டுட்டு எப்படி மேலே வரும்?” பல வரவே வராதாம். அவள் அரை மணி நேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 17

கோடை மழை நேற்று. இன்று காலை இறங்கினேன்.

பாலத்துக்குக் கீழே மூன்று கல்லுக்கு அடையாளம் வைத்திருந்தேன், போன மே மாதம் விரல் விட்டு நெம்பிய அதே கற்கள். முதல் கல் இன்னும் பதிந்துதான் இருக்கிறது. இரண்டாவது பாதி ஆடுகிறது. மூன்றாவது கையை வைத்ததும் வந்துவிட்டது. அடியில் தண்ணீர் போகிற இடைவெளி, இரண்டு சீனிஸ், மணல் கூட்டோடு ஒரு காடிஸ், அப்புறம் தட்டையாக ஒன்று. வெளிச்சம் பட்டதும் கல்லின் மறுபக்கத்துக்கு நழுவிவிட்டது. கல்லைத் திருப்பி அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வலை மட்டும் இன்னும் பாலத்துக்குக் கீழே வரவில்லை. விடுதிக்காரர்கள் மண் குவியலை இன்னும் மூடவில்லை. அடுத்த வாரம் இரண்டு பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் போகிறேன்.